மனச்சோர்வுக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்? 100 வருஷத்துக்கு முன்னாடியே கேட்ட டாக்டர்... யார் இந்த ஹார்வி குஷிங்?

டிப்ரெஷனுக்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு வேளை கூட தவறவில்லை. ஆனாலும் காலையில் எழுந்திருக்கவே மனசு வரவில்லை. வீட்டில் இருப்பவர்கள் முதலில் அக்கறையோடு விசாரிப்பார்கள். போகப் போக, மனதைத் திடமாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாத்திரை வேலை செய்யாததற்கும் பழி நோயாளி மேலேயே விழும்.

இந்த நிலையில் டாக்டரிடம் போனால், அவர் முதலில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனையாக இருக்கும். தைராய்டு பார்க்கச் சொல்வார். முகம் உப்பி, உடம்பில் வேறு சில அறிகுறிகளும் தெரிந்தால் கார்டிசால் என்ற ஹார்மோனையும் பார்க்கச் சொல்வார்.

மனசு சரியில்லைன்னு போனா ரத்தத்தை ஏன் டெஸ்ட் பண்றாங்க?

இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அந்தக் கதையின் தொடக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் ஹார்வி குஷிங். அவர் மனநல மருத்துவர் இல்லை. மூளை அறுவை சிகிச்சை நிபுணர். டிப்ரெஷன் மாத்திரை என்ற ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்பே இறந்துபோனவர். அப்புறம் எப்படி இந்தக் கதைக்குள் வந்தார்? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ஹார்வி குஷிங்?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் கிளீவ்லேண்ட் நகரில், 1869 ஏப்ரல் 8-ம் தேதி பிறந்தவர் ஹார்வி குஷிங். வீட்டில் பத்தாவது பிள்ளை, கடைக்குட்டி. அப்பா டாக்டர், தாத்தா டாக்டர், கொள்ளுத்தாத்தாவும் டாக்டர். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1895-ல் டாக்டரானார்.

ஆனால் கல்லூரி நாட்களிலேயே மருத்துவப் படிப்பை விட்டுவிடலாமா என்று அவரை யோசிக்க வைத்த சம்பவம் ஒன்று நடந்தது. அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலை மாணவர்களிடம்தான் விடப்படும். அதற்கென்று தனிப் பயிற்சி எல்லாம் கிடையாது. அப்படி குஷிங் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி, ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துபோனார்.

அந்த அதிர்ச்சி குஷிங்கை விட்டுப் போகவில்லை. தன்னோடு படித்த எர்னஸ்ட் காட்மேனுடன் சேர்ந்து ஒரு வேலை செய்தார். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பு எவ்வளவு, மூச்சு எவ்வளவு என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து தாளில் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் மானிட்டர் திரையில் ஓடும் எண்களுக்கு முன்னோடி, அந்த இரண்டு மாணவர்கள் எழுதிய தாள்கள்தான்.

உடம்புக்குள் நடப்பதை ஊகிக்காதே, அளந்து பார். குஷிங் தன் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த பாடம் இது. இந்தக் கதையின் கடைசி வரைக்கும் இந்தப் பாடம் நம் கூடவே வரும்.

ஐரோப்பாவில் கிடைத்த இரண்டு விஷயங்கள்

1896-ல் பால்டிமோரில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற சர்ஜனிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார் குஷிங். 1900-ல் ஐரோப்பாவுக்குப் பயணம். அந்தப் பயணத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கரிடம் வேலை பார்த்தது. கோக்கர் தைராய்டு அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றவர். 1909-ல் நோபல் பரிசும் வாங்கினார். தொடக்க காலத்தில் கழுத்தில் வீங்கிய தைராய்டு சுரப்பியை அவர் முழுசாகவே எடுத்துவிடுவார். பிறகு அந்த நோயாளிகளைத் தேடிப் பார்த்தபோது திடுக்கிட்டார். பலருக்கு உடல் வீங்கியிருந்தது. அதோடு மனமும் மந்தமாகியிருந்தது, சுறுசுறுப்பு போய்விட்டது. 1883-ல் இதை வெளிப்படையாக அறிவித்து, சுரப்பியை முழுசாக எடுப்பதைக் கைவிட்டார். கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி இல்லாமல் போனால் மனம் வரைக்கும் மாறுகிறது என்பது, குஷிங் அங்கே போவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

இரண்டாவது, இத்தாலியின் பாவியா நகரில் அவர் பார்த்த கருவி. ரிவா ரோச்சி என்ற டாக்டர் உருவாக்கிய, கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அது. குஷிங் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தத்தையும் அளக்க வைத்தார்.

மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி

ஊர் திரும்பிய குஷிங், அப்போது பலரும் தொடப் பயந்த மூளை அறுவை சிகிச்சையைத் தனித் துறையாகவே எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் மூளைக்கட்டிக்கு ஆபரேஷன் என்றால், உயிரோடு திரும்புவது சந்தேகம்தான். ரத்தக்கசிவை நிறுத்த வெள்ளியில் சின்ன கிளிப், அவசரமே படாத நிதானம், ஒவ்வொரு நோயாளிக்கும் படத்தோடு விரிவான குறிப்பு. இப்படி வருஷக்கணக்கில் உழைத்து, தன் நோயாளிகளின் இறப்பு விகிதத்தை 10 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்.

அந்த வேலையின் நடுவே அவரை இழுத்துப்பிடித்தது பிட்யூட்டரி சுரப்பி. மூளைக்கு அடியில், எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டாணி அளவு சுரப்பி. இது என்ன வேலை செய்கிறது என்பது அப்போது சரியாகத் தெரியாது. 1909-ல், கை கால் முகமெல்லாம் அளவுக்கு மீறி வளரும் அக்ரோமெகலி நோயால் பாதிக்கப்பட்ட ஒரு விவசாயிக்கு, பிட்யூட்டரியின் ஒரு பகுதியை எடுத்தார். அந்த விவசாயியின் நிலைமை தேறியது. சுரப்பி அதிகமாக வேலை செய்தால் ஒரு நோய், குறைவாக வேலை செய்தால் வேறொரு நோய் என்ற கோணத்தில் குஷிங் எல்லா நோயாளிகளையும் பார்க்க ஆரம்பித்தார்.

1910-ல் வந்த 23 வயசுப் பெண்

1910 கடைசியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 23 வயசுப் பெண் ஒருவர் வந்தார். பல வருஷமாக மாதவிடாய் நின்றுபோயிருந்தது. முகமும் வயிறும் பருத்து, கை கால் மட்டும் மெலிந்திருந்தது. உடம்பில் தேவையில்லாத இடங்களில் முடி, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல், தீராத தலைவலி.

இது சாப்பாட்டால் வந்த குண்டு இல்லை என்பது குஷிங்குக்குப் புரிந்தது. பல சுரப்பிகள் சேர்ந்து தடம் மாறியிருக்கின்றன என்று நினைத்தார். ஆனால் எந்தச் சுரப்பியில் ஆரம்பித்தது? பிட்யூட்டரியா, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனலா? அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1912-ல் பிட்யூட்டரி பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தில் இந்தப் பெண்ணின் நிலையைப் படத்தோடு பதிவு செய்தார். விடை கிடைக்கவில்லை என்பதற்காகக் கேள்வியைத் தூக்கிப்போடவில்லை.

மனமா சுரப்பியை மாத்துது? சுரப்பியா மனத்தை மாத்துது?

நம்ம தலைப்புக்கு ரொம்ப முக்கியமான இடம் இதுதான். 1913-ல் மனநோய் தொடர்பான ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் குஷிங் ஒரு கட்டுரை எழுதினார். சுரப்பிக் கோளாறு உள்ளவர்களுக்கு வரும் மனப் பிரச்னைகள் பற்றியது அது.

அதில் அவர் வைத்த வாதம் சுருக்கமாக இதுதான்: பயம், அதிர்ச்சி போன்ற மனநிலைகள் சுரப்பிகளைப் பாதிக்கும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். ஆனால் சுரப்பி நீண்டகாலம் அதிகமாகவோ குறைவாகவோ வேலை செய்தால் மனத்துக்கு என்ன ஆகும் என்ற எதிர்த்திசைக் கேள்விக்கு, நம்மிடம் உறுதியான விடை இல்லை.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்டிசால் என்ற ஹார்மோனை யாரும் அப்போது பிரித்தெடுக்கவில்லை. ரத்தத்தில் அதை அளக்கும் வழியும் கிடையாது. நோயாளியின் தோலையும் முகத்தையும் பேச்சையும் மட்டும் வைத்துக்கொண்டு, இந்தப் பாதையில் வண்டி இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறார் அவர்.

போரும் மகனும்

1912-ல் பாஸ்டனில் பீட்டர் பெண்ட் பிரிகாம் மருத்துவமனையின் தலைமை சர்ஜன் பொறுப்பு குஷிங்குக்குக் கிடைத்தது. முதல் உலகப் போர் வந்ததும் பிரான்ஸில் போர்முனை மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். அவருக்குக் குரு போல இருந்தவர் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவ மேதை. ஆஸ்லரின் ஒரே மகன் ரெவீர் 1917-ல் போரில் காயமடைந்து இறந்தபோது, பக்கத்தில் இருந்தவர் குஷிங். ஆஸ்லர் மறைந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். 1926-ல் அந்தப் புத்தகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அதே 1926 ஜூனில் இடி விழுந்தது. யேலில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மூத்த மகன் கார் விபத்தில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று காலை, ஏற்கெனவே நாள் குறித்திருந்த ஆபரேஷனை முடித்துவிட்டுத்தான் குஷிங் மருத்துவமனையில் இருந்து கிளம்பினார்.

அவர் பழகுவதற்குச் சுலபமான ஆள் இல்லை. தியேட்டரில் உதவியாளர்களைக் கடுமையாகத் திட்டுவார் என்று பெயர் எடுத்தவர். சிகரெட்டை விடவே இல்லை. கால்களில் ரத்த ஓட்டம் குறைந்து, கடைசி வருஷங்களில் நடக்கவே சிரமப்பட்டார். வீட்டை விட மருத்துவமனையில் இருந்த நேரம்தான் அதிகம். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் விட்டுப்போன கேள்வியின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது.

1932: 12 பேரின் கதை

முதல் பெண்ணைப் பார்த்து 20 வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. 1932-ல், அதே மாதிரி அறிகுறிகள் கொண்ட 12 பேரின் விவரங்களைச் சேர்த்து குஷிங் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிலர் அவர் பார்த்தவர்கள், மற்றவர்கள் வேறு டாக்டர்கள் பதிவு செய்தவர்கள். பிரேதப் பரிசோதனை நடந்தவர்களில் பலருக்கு பிட்யூட்டரியில் மிகச் சின்னக் கட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் தொடக்கப்புள்ளி அங்கேதான் என்றார் அவர்.

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கோளாறு அட்ரீனலில்தான் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். பின்னால் பார்த்தால் இரண்டு தரப்பிலும் உண்மை இருந்தது. பிட்யூட்டரிக் கட்டி, அட்ரீனலுக்கு அளவுக்கு மீறிக் கட்டளை அனுப்பும்போது வருவதை இன்று குஷிங் நோய் என்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், உடம்பில் கார்டிசால் நீண்டகாலம் அதிகமாக இருந்தால் வருவது குஷிங் சிண்ட்ரோம்.

இந்தச் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனச்சோர்வும் இருக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. எரிச்சல், அழுகை, தூக்கமின்மை, மறதி. சிலருக்கு உடம்பு மாறுவதற்கு முன்பே மனசு மாறிவிடும். 1913-ல் கேட்ட கேள்விக்கு, பாதி விடை அவர் பெயர் தாங்கிய நோயிலேயே இருந்தது.

குஷிங் 1933-ல் யேல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1939 அக்டோபர் 7-ம் தேதி மாரடைப்பால் காலமானார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. அவருடைய உடலைப் பரிசோதித்தபோது, மூளைக்குள் சின்னதாக ஒரு நீர்க்கட்டி இருந்தது. 2,000-க்கும் மேற்பட்ட மூளைக்கட்டிகளுக்கு ஆபரேஷன் செய்தவரின் தலைக்குள்ளேயே ஒன்று இருந்திருக்கிறது.

சரி, கார்டிசால்னா என்ன?

பரீட்சை ஹாலுக்குள் நுழையும்போது இதயம் படபடக்கிறது இல்லையா? அந்த மாதிரி நேரத்தில் உடம்பைத் தயார் செய்ய அட்ரீனல் சுரப்பி விடும் ஹார்மோன்களில் ஒன்று கார்டிசால். சர்க்கரை, ரத்த அழுத்தம், நோய் எதிர்ப்பு எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இது கெட்ட ஹார்மோன் இல்லை. இது இல்லாமல் உயிர் வாழ முடியாது.

கட்டளை மூன்று படியாக இறங்கும். மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிக்குச் சொல்லும். பிட்யூட்டரி, அட்ரீனலுக்குச் சொல்லும். அட்ரீனல், கார்டிசாலை விடும். ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவுக்கு வந்ததும், அதுவே மூளைக்குப் போய் நிறுத்தச் சொல்லும். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பது போல.

காலையில் கார்டிசால் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் மிகவும் குறைந்துவிடும். கடுமையான மனச்சோர்வு உள்ள பலருக்கு இந்தத் தாளம் கெட்டுப்போகிறது. தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்பதில்லை.

மாத்திரை வந்தது... டெஸ்ட்டும் வந்தது

குஷிங் இறந்து 18 வருஷம் கழித்து, 1957-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோலண்ட் குன் என்ற மனநல மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதாக அறிவித்தார். மனச்சோர்வு மாத்திரைகளின் காலம் தொடங்கியது. கூடவே ஒரு புதிரும் வந்தது. ஒரே மாத்திரை சிலரை மீட்கிறது, சிலரிடம் அசைவே இல்லை. ஏன்?

இங்கேதான் குஷிங்கின் பாதை மறுபடி வந்து சேர்கிறது. குஷிங் சிண்ட்ரோமைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டை இரவு 11 மணிக்கு ஒரு மில்லிகிராம் கொடுப்பார்கள். தொட்டி நிரம்பிவிட்டது என்று மூளை நம்பும். ஆரோக்கியமானவருக்கு மறுநாள் கார்டிசால் நன்றாக இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால், நிறுத்தும் ஏற்பாட்டில் கோளாறு என்று அர்த்தம்.

இதே டெஸ்ட்டை பெர்னார்ட் கரோல் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளிடம் செய்து பார்த்தார். 1981-ல் 400-க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளோடு அவர் குழு வெளியிட்ட கட்டுரை பரபரப்பானது. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் கணிசமானோருக்கு கார்டிசால் இறங்கவே இல்லை. மனநோய்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை கிடைத்துவிட்டது என்று உலகம் முழுக்க உற்சாகம்.

அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. மறதி நோய், குடிப்பழக்கம், உடல் எடை திடீரெனக் குறைவது போன்ற பல காரணங்களாலும் இந்த டெஸ்ட் தப்பாகக் காட்டியது. மனச்சோர்வு இருந்தும் நிறையப் பேருக்கு நார்மல் என்றே வந்தது. நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டாக இதை நம்ப முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஹார்மோன் அளவை வெச்சு மாத்திரை வேலை செய்யுமான்னு சொல்ல முடியுமா?

இதுவரை தெரிந்தவற்றை நான்கு புள்ளிகளில் பார்க்கலாம்.

1. சிகிச்சைக்கு முன் டெக்ஸாமெத்தசோன் டெஸ்ட்டில் கார்டிசால் இறங்கவில்லை என்பதை மட்டும் வைத்து, ஒருவருக்கு மாத்திரை பலன் தருமா தராதா என்று நம்பகமாகச் சொல்ல முடியவில்லை.

2. ஆனால் சிகிச்சை முடிந்து, ஆள் தேறியது போலத் தெரிந்த பிறகும் கார்டிசால் இறங்கவில்லை என்றால், மனச்சோர்வு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். நோய் வெளியே அடங்கியிருக்கிறது, உள்ளே அடங்கவில்லை என்பதற்கான அடையாளம் அது.

3. கார்டிசாலைக் குறைத்தால் எல்லோருக்கும் மனச்சோர்வு போய்விடுமா? இல்லை. குஷிங் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு, கார்டிசாலைக் குறைத்தால் மனநிலை பெரும்பாலும் மேம்படுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் சாதாரண மனச்சோர்வில் கதை வேறு. மாத்திரைக்கு அடங்காத 165 பேரிடம் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. கார்டிசாலைக் குறைக்கும் மெட்டிரபோன் என்ற மருந்தை மூன்று வாரம் கூடவே கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று 2016-ல் முடிவு வந்தது.

4. தைராய்டு விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் சோர்வு, மந்தம், மனத்தளர்ச்சி வரும். அதைச் சரிசெய்யாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தம் இல்லை. தைராய்டு நார்மலாக இருப்பவர்களுக்கும், டி3 என்ற தைராய்டு ஹார்மோனைச் சின்ன அளவில் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், இரண்டு சிகிச்சைகள் பலிக்காதவர்களுக்கு இதைக் கொடுத்தபோது 4-ல் ஒருவருக்கு நோய் விலகியது. லித்தியம் சேர்த்துக் கொடுத்தவர்களில் அது 16 சதவீதம். ஆனால் இந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரியதில்லை என்றும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல். முதல் மாத்திரையிலேயே நோய் முழுசாக விலகியவர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதாவது, முதல் மாத்திரையில் முழுசாகக் குணமாகாதவர்கள்தான் பெரும்பான்மை. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அப்படி ஆனால், அது அவருடைய மனத்திடக் குறைவு இல்லை. அடுத்த படிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்போ நானும் கார்டிசால் டெஸ்ட் எடுக்கணுமா?

மனச்சோர்வு இருக்கிறது என்பதற்காக எல்லோரும் கார்டிசால் டெஸ்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. காலையில் எடுத்த ஒரே ஒரு கார்டிசால் ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நேரம், தூக்கம், பதற்றம், கருத்தடை மாத்திரை எல்லாமே அந்த எண்ணை மாற்றும்.

ஆனால் மனச்சோர்வோடு கூடவே முகம் உருண்டையாகி, வயிறு மட்டும் பருத்து, கை கால் மெலிந்து, ஊதா நிறக் கோடுகள் வந்து, காரணமில்லாமல் தோல் கன்றி, மாடி ஏறினால் தொடை வலுவிழந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குஷிங் 1910-ல் அந்தப் பெண்ணிடம் பார்த்த அடையாளங்களில் பலவும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இன்னொன்று ரொம்ப முக்கியம். இன்று குஷிங் சிண்ட்ரோம் வருவதற்கு மிகப் பொதுவான காரணம் கட்டி இல்லை. ஸ்டீராய்டு மருந்துதான். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் டாக்டர் ஒருமுறை எழுதிய ஸ்டீராய்டை, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். மனநிலை மாறினால் நீங்கள் போடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்காக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. வெளியில் இருந்து வந்ததற்குப் பழகிய அட்ரீனல் சட்டென்று வேலையைத் தொடங்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில்.

மனச்சோர்வு மாத்திரைக்கும் இதே கதைதான். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை கூட ஆகலாம். அதற்குள் வேலை செய்யவில்லை என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். வேலை செய்யவில்லை என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், தைராய்டு பார்க்கலாம், பேச்சு சிகிச்சை சேர்க்கலாம்.

குஷிங் விட்டுப்போனது என்ன?

குஷிங் சேகரித்த மூளைகளும் கட்டிகளும் நோயாளிகளின் புகைப்படங்களும் பல வருஷம் யேலில் ஓர் அடித்தளத்தில் தூசி படிந்து கிடந்தன. அவற்றைச் சுத்தம் செய்து, 2010-ல் அவர் பெயரிலேயே ஒரு காட்சி மையம் திறந்தார்கள். கண்ணாடி ஜாடிகளுக்கு நடுவே நோயாளிகளின் முகங்கள் இன்றும் பார்வையாளர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஹார்மோனை அளந்து, இந்த ஆளுக்கு இந்த மாத்திரைதான் என்று கணக்காகச் சொல்லும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால் மனம் வாடியிருக்கும் ஒருவரைப் பார்த்து, குணத்தைக் குறை சொல்வதற்கு முன் உடம்பையும் ஒருமுறை பார்ப்போம் என்ற வழக்கம் மருத்துவத்துக்குள் வந்துவிட்டது. 23 வயசுப் பெண்ணின் குறிப்பை 20 வருஷம் மூடாமல் வைத்திருந்த அந்தக் கோபக்கார சர்ஜனுக்கு, அதில் ஒரு பங்கு உண்டு.

அடுத்தமுறை டாக்டர் மனச்சோர்வுக்கு ரத்த டெஸ்ட் எழுதினால், எதுக்குன்னு தயங்காதீங்க. எடுத்துப் பாருங்க. நார்மல்னு வந்தாலும் உங்க வலி பொய்யாகிடாது.

(மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்றவை இருந்தால் தனியாகப் போராட வேண்டாம். டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகியவற்றில் எந்த நேரமும் பேசலாம்.)